வீடியோ எடிட்டிங்கில் எஃபெக்ட்: முன்னோட்டம் முதல் எக்ஸ்போர்ட் வரை

எடிட்டிங் மென்பொருளைப் புதிதாகத் திறப்பவர்கள் நேராகப் போய் நிற்கும் இடம் எஃபெக்ட் பட்டியல்தான். ஒன்றை இழுத்துக் கிளிப்பின் மேல் போட்டதும் படம் விட்டுவிட்டு ஓடும். சரி, எக்ஸ்போர்ட் செய்து பார்க்கலாம் என்றால், திரையில் பார்த்தது ஒன்று, கோப்பில் வந்தது வேறொன்று. இதையெல்லாம் பட்டுத் தெளிந்த பிறகு எழுதும் குறிப்பு இது. எந்த எஃபெக்ட் அழகு என்று இங்கே சொல்லப்போவதில்லை. எதை முதலில் செய்வது, திரை காட்டுவதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதுதான் விஷயம். அடோபி பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ, கெடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றிலிருந்து உதாரணம் தருகிறேன். நீங்கள் வேறு எதைப் பயன்படுத்தினாலும் மெனுவின் பெயர்தான் மாறும்.

1. முதலில் பணக் கணக்கைப் பாருங்கள்

பட்டியலில் தெரியும் எஃபெக்ட் எல்லாம் உங்களுக்குச் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் சில எஃபெக்ட்டுகளை இழுத்துப் போட முடியும். போட்டதும் படத்தின் குறுக்கே வாட்டர்மார்க் வந்து உட்காரும். அவை கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவுக்கு உரியவை. படத்தின் இரைச்சலை நீக்கும் வசதி அதில் முக்கியமானது. மற்றபடி இலவசப் பதிப்பே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். 3840×2160 அளவு வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். ஸ்டூடியோவை ஒரே தடவை பணம் கட்டி வாங்கலாம். பிரீமியருக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கெடென்லைவும் ஷாட்கட்டும் முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள்கள்.

கேப்கட் போன்ற செயலிகளில் சிக்கல் வேறு மாதிரி. கட்டண எஃபெக்ட்டை டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பகுதி) தாராளமாகப் போட்டுப் பார்க்க விடுவார்கள், எக்ஸ்போர்ட் பட்டனைத் தொட்டதும்தான் பணம் கேட்பார்கள். மொத்த வேலையையும் முடித்துவிட்டு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால், பணம் கட்டுவதா, எஃபெக்ட்டைக் கழற்றுவதா என்று யோசிக்க நேரம் இருக்காது. அதனால் ஒரு எஃபெக்ட் பிடித்திருந்தால், அதை வைத்து ஐந்து நொடிக் கிளிப் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். வாட்டர்மார்க் இல்லாமல் கோப்பு வந்தால் மேலே போகலாம்.

பிளகின் (மென்பொருளோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) வாங்குவதாக இருந்தால் உரிமத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை கணினியில் போடலாம், வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா, சந்தா முடிந்தால் பழைய ப்ராஜெக்ட்டில் அந்த எஃபெக்ட் என்ன ஆகும். கடைசியை யாரும் கேட்பதில்லை. சந்தா முடிந்த பிறகு பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்தால், அந்த எஃபெக்ட் இருந்த இடத்தில் வாட்டர்மார்க் நிற்கும், அல்லது எஃபெக்ட் காணவில்லை என்ற செய்தி வரும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ‘உரிமம்’ என்று ஒரு ஃபோல்டர் வையுங்கள். வாங்கிய ரசீது, உரிமச் சாவி, பிளகினின் பதிப்பு எண், நிறுவும் கோப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். தரவிறக்கிய லட் கோப்புகள் (நிறங்களை ஒரே வீச்சில் மாற்றும் அட்டவணைகள்), புகை, தூசி, ஒளிக்கசிவு போன்று படத்தின் மேல் படியவைக்கும் ஓவர்லே வீடியோக்களின் உரிமப் பக்கத்தையும் பிடிஎஃப்பாகச் சேமித்துப் போடுங்கள். கணினி மாறும்போதும், உரிமை கேட்டு யாராவது எழுதும்போதும் தேடி அலைய வேண்டியிருக்காது. பூட்டுடைத்த பிளகின் பக்கம் போகவே வேண்டாம். அதோடு என்ன வைரஸ் வரும் என்பது ஒருபுறம், மென்பொருள் அடிக்கடி விழுந்தால் குற்றவாளி யார் என்றே தெரியாது.

2. வெட்டு வேலையை முடித்துவிட்டு நகல் எடுங்கள்

எஃபெக்ட் போட்ட பிறகு கிளிப்புகளை வெட்டி நகர்த்தினால், ஏற்கெனவே ரெண்டர் ஆனது, அதாவது எஃபெக்ட்டோடு கணக்கிட்டுச் சேமித்த படம், வீணாகும்; கீஃபிரேம்கள் (எஃபெக்ட்டின் அளவு எந்த நேரத்தில் எவ்வளவு என்று குறிக்கும் புள்ளிகள்) இடம் மாறும். எந்தக் கிளிப் எங்கே, எவ்வளவு நேரம் என்பது முடிவான பிறகே எஃபெக்ட் பக்கம் வாருங்கள். வந்ததும் டைம்லைனின் நகல் ஒன்றை எடுத்து, எஃபெக்ட் வேலையை நகலில் செய்யுங்கள். கிளிப்பின் அளவும் ஃபிரேம் ரேட்டும் டைம்லைனோடு பொருந்துகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். நடுக்கம் நீக்குவது, வேகத்தைக் குறைப்பது போன்றவை இந்தப் பொருத்தத்தைச் சார்ந்தவை. உதாரணமாக, பிரீமியரில் நடுக்கம் நீக்கும் வார்ப் ஸ்டெபிலைசரையும் வேக மாற்றத்தையும் ஒரே கிளிப்பில் போட்டால் படத்தின் மேல் எச்சரிக்கைப் பட்டை வரும். கிளிப்பை நெஸ்ட் செய்து (தனி டைம்லைன் ஒன்றுக்குள் அடக்கி), ஒன்றை உள்ளேயும் மற்றதை வெளியேயும் போட்டால் தீரும்.

3. போடுவதற்கு முன் பாருங்கள்

ஃபைனல் கட்டில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எஃபெக்ட்டின் சிறுபடத்தின் மேல் மவுஸை இடமிருந்து வலமாக நகர்த்தினால், உங்கள் கிளிப்பிலேயே அது எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும். ரிசால்விலும் எஃபெக்ட் பெயரின் மேல் மவுஸை வைத்தால் இதே வசதி உண்டு. வேலை செய்யவில்லை என்றால் எஃபெக்ட் பட்டியலின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஹோவர் ஸ்கிரப் பிரிவ்யூ’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியரில் பல எஃபெக்ட்டுகளைக் கிளிப்பில் போட்டுத்தான் பார்க்க முடியும். போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் உடனே அன்டூ செய்யுங்கள். பிடிக்காததை அணைத்து மட்டும் வைத்தால், பிறகு யாருக்கும் புரியாத குவியலாகச் சேரும்.

இந்த முன்னோட்டத்தில் தெரிவது எஃபெக்ட்டின் இயல்பு அமைப்பு மட்டும்தான். பெரும்பாலான எஃபெக்ட்டுகளைக் கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தூக்கலாகவே அமைத்துத் தருகிறார்கள். முன்னோட்டத்தில் ‘ரொம்ப ஓவர்’ என்று தோன்றினால் விட்டுவிடாதீர்கள். அளவைக் கால்வாசியாகக் குறைத்து ஒரு முறை பாருங்கள். முன்னோட்டத்திலேயே அசத்தினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. பார்க்கும்போது பிளேஹெட்டை (டைம்லைனில் இப்போது காட்டும் ஃபிரேமைக் குறிக்கும் கோடு) எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். காட்சியின் மிக வெளிச்சமான ஃபிரேமிலும் மிக இருட்டான ஃபிரேமிலும் வைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள ஒரு நல்ல ஃபிரேமில் எந்த எஃபெக்ட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

4. எதன் மேல் போடுவது

ஒரு கிளிப்புக்கு மட்டும் வேண்டுமானால் கிளிப்பிலேயே போடுங்கள். ஒரு காட்சி முழுவதற்கும் ஒரே நிறத்தோற்றம் வேண்டுமானால் மேலே அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றை வைத்து, எஃபெக்ட்டை அதில் போடுங்கள். ரிசால்வில் இதற்கு அட்ஜஸ்ட்மென்ட் கிளிப் என்று பெயர். கெடென்லைவிலும் ஷாட்கட்டிலும் டிராக்கிலேயே எஃபெக்ட்டைப் போட்டுவிடலாம். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாக் கிளிப்பும் மாறும் என்பது இதன் லாபம். ஆனால் கீழே இருக்கும் எழுத்து, லோகோ எல்லாவற்றின் மேலும் எஃபெக்ட் படியும். தலைப்பு எழுத்துகளை அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கு மேலே உள்ள டிராக்குக்கு நகர்த்திவிடுங்கள்.

பல கிளிப்புக்குத் தனித்தனியாக வேண்டுமானால் ஒன்றில் சரிசெய்து, காப்பி எடுத்து, மற்றவற்றில் ‘பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ்’ செய்யுங்கள். பெட்டி திறந்ததும் எது எது ஒட்டப்பட வேண்டும் என்று பார்த்து டிக் போடுங்கள். கவனிக்காமல் விட்டால் ஒரு கிளிப்பின் அளவும் இடமும் மற்ற கிளிப்புகளிலும் ஏறி, எல்லா முகமும் ஓரத்துக்குப் போய்விடும்.

5. வரிசை மாறினால் படம் மாறும்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒரே இரண்டு எஃபெக்ட்டை இடம் மாற்றிப் போட்டால் வேறு படம் வரும். மென்பொருள் ஒன்றின் விளைவை எடுத்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. மூலப் படத்தை ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். அறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் ஜன்னல், வெளியே மரம். வெளிச்சத்திலும் இருட்டிலும் விவரம் நிற்க, நிறம் வெளிறப் பதிவாகும் லாக் முறையில் எடுத்த ஃபுட்டேஜ். அதில் மரத்தின் இலைகள் வெளிறியாவது பதிவாகியிருக்கும். இப்போது முதலில் லட் போட்டால், ஜன்னல் பகுதி முழு வெள்ளைக்குத் தள்ளப்பட்டு, இலைகள் காணாமல் போகும். அதற்குப் பிறகு எக்ஸ்போஷரைக் குறைத்தால் இலை திரும்பி வராது. வெள்ளை சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். மாறாக, முதலில் எக்ஸ்போஷரைக் குறைத்து, அப்புறம் லட் போட்டால் இலைகள் அப்படியே நிற்கும். பிரீமியரின் நிறம் திருத்தும் எஃபெக்ட்டான லுமெட்ரியில் இதில் ஒரு மறைவான பொறி உண்டு. பேசிக் பகுதியில் ‘இன்புட் லட்’ என்று இருக்கும் இடத்தில் லட்டைப் போட்டால், அதே பகுதியின் ஸ்லைடர்கள் அதற்குப் பின்னால்தான் வேலை செய்யும். எனவே இரண்டு லுமெட்ரி போடுங்கள். மேலே உள்ளதில் எக்ஸ்போஷர், கீழே உள்ளதில் லட்.

பொதுவாக எனக்குக் கைகொடுக்கும் வரிசை இது: இரைச்சல் நீக்கம், பச்சைத் திரை நீக்கம், எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும், லட் அல்லது நிறத்தோற்றம், மங்கல் அல்லது ஒளிவட்டம், ஷார்ப்பன், கடைசியாக ஃபிலிம் கிரெயின். இரைச்சல் நீக்கம் ஏன் முதலில்? மற்ற எஃபெக்ட்டுகள் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிவிடும். கிரெயின் ஏன் கடைசியில்? நடுவில் போட்டால் ஷார்ப்பன் அதைப் பிடித்து மணல் கொட்டியதுபோல் ஆக்கிவிடும். பச்சைத் திரைக்கு முன்னால் மங்கலைப் போட்டால் ஓரங்களில் பச்சை கலந்து, எவ்வளவு திருகினாலும் விளிம்பு சுத்தமாக வராது.

இடம், அளவு (இரண்டும் ‘மோஷன்’ பகுதியில் இருக்கும்), ஒபாசிட்டி (ஒளி ஊடுருவாத அளவு) ஆகியவற்றை பிரீமியர் மற்ற எஃபெக்ட் எல்லாம் முடிந்த பிறகே கணக்கிடுகிறது. படத்தைப் பெரிதாக்கிய பிறகு மங்கல் வேண்டும் என்றால், மோஷனை விட்டுவிட்டு ‘டிரான்ஸ்ஃபார்ம்’ எஃபெக்ட்டை மங்கலுக்கு மேலே வையுங்கள்.

6. படம் விட்டுவிட்டு ஓடினால்

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமைக் கோப்பிலிருந்து படித்து, எல்லா எஃபெக்ட்டையும் கணக்கிட்டுத் திரையில் காட்ட 40 மில்லிநொடிதான் இருக்கிறது. 60 ஃபிரேம் என்றால் 17 மில்லிநொடிகூட இல்லை. 4கே ஃபிரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் பிக்சல். முழு எச்டியில் சுமார் 21 லட்சம். கணினி திணறுவதில் வியப்பில்லை. புதுக் கணினிக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

பிளேபேக் தெளிவைக் குறையுங்கள். பிரீமியரில் படம் தெரியும் சன்னலின் கீழேயே 1/2, 1/4 என்று இருக்கும். ரிசால்வில் பிளேபேக் மெனுவில், ஷாட்கட்டில் செட்டிங்ஸ் மெனுவின் ‘பிரிவ்யூ ஸ்கேலிங்’கில். 1/2 என்பது நீளம், உயரம் இரண்டிலும் பாதி. ஆக பிக்சல் நான்கில் ஒரு பங்காகும். 1/4 என்றால் பதினாறில் ஒரு பங்கு. எக்ஸ்போர்ட்டை இது சாதாரணமாகப் பாதிக்காது. ஷாட்கட்டில் மட்டும், எக்ஸ்போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் பிரிவ்யூ ஸ்கேலிங்கைப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அது போதாவிட்டால் டைம்லைனின் மேல் உள்ள நிறக்கோட்டைப் பாருங்கள். பிரீமியரில் சிவப்பு என்றால் ரெண்டர் செய்யாமல் சீராக ஓடாது என்று அர்த்தம், மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஓடும், பச்சை என்றால் ரெண்டர் ஆகிவிட்டது. சிவப்புப் பகுதிக்கு இன், அவுட் குறித்து என்டர் அழுத்துங்கள். ரிசால்வில் ரெண்டர் கேஷை (ரெண்டர் செய்ததைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் வசதி) ‘ஸ்மார்ட்’டில் வைத்தால் கனமான கிளிப்புகளைத் தானே ரெண்டர் செய்துகொள்ளும், சிவப்புக் கோடு நீலமாகும். ஒன்றை நினைவில் வையுங்கள்: எஃபெக்ட்டில் ஒரு எண்ணை மாற்றினாலும் அந்தப் பகுதி மறுபடி சிவப்பாகும். அதனால் அமைப்புகளை நின்ற படத்திலேயே முடித்துவிட்டு, ஓட்டிப் பார்க்க மட்டும் ரெண்டர் செய்யுங்கள். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ரெண்டர் கொடுத்தால் நாள் அதிலேயே போகும்.

எஃபெக்ட்டை அணைத்தும் படம் தடுமாறுகிறதா? அப்படியானால் குற்றம் எஃபெக்ட்டில் இல்லை, கோப்பில். போனும் பல கேமராக்களும் தரும் எச்.264, எச்.265 கோப்புகளில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுதாக இருக்காது. பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும் இருக்கும். ஒன்றைக் காட்ட வேறு சிலவற்றையும் பிரிக்க வேண்டும். இதற்குத் தீர்வு பிராக்ஸி, அதாவது எடிட்டிங்கின்போது மட்டும் மூலக் கோப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தும் இலகுவான நகல். முழு எச்டி, நொடிக்கு 30 ஃபிரேம் அளவில், எடிட்டிங்குக்கு ஏற்ற கோப்பு வகையான புரோரெஸ் பிராக்ஸி ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 20 ஜிபி பிடிக்கும். புரோரெஸ் 422 என்றால் 66 ஜிபி. வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிராக்ஸி உருவாகும் நேரத்தில் வேறு வேலையைப் பார்க்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தால், கனமான எஃபெக்ட்டுகளை ஒரே கிளிப்பில் அடுக்கியிருப்பீர்கள். அதிகத் துல்லியத்தில் கணக்கிடும்போது ஒரு 4கே ஃபிரேம் மட்டும் சுமார் 130 எம்பி எடுக்கும். அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு வேலை செய்யும் இரைச்சல் நீக்கம் போன்றவை ஒரே நேரத்தில் பல ஃபிரேமை வைத்திருக்கும். இரைச்சல் நீக்கிய கிளிப்பைத் தனிக் கோப்பாக ரெண்டர் செய்து, அதன் மேல் மற்றவற்றைப் போடுங்கள்.

7. முழு அளவில் நிறுத்திப் பாருங்கள்

பாதித் தெளிவில் ஓட்டிப் பார்த்துவிட்டு எஃபெக்ட் சரி என்று முடிவு கட்டுவதுதான் பெரும்பாலான ஏமாற்றத்துக்குக் காரணம். வேகம், நேரம், அசைவு ஆகியவற்றைக் குறைந்த தெளிவில் நம்பலாம். ஷார்ப்பன், கிரெயின், இரைச்சல், பச்சைத் திரையின் விளிம்பு, மெல்லிய கோடு ஆகியவற்றை நம்பவே கூடாது. பாதித் தெளிவில் அளவாகத் தெரியும் ஷார்ப்பன், முழுத் தெளிவில் முகத்தின் ஓரமெங்கும் வெள்ளைக் கோடு இழுத்திருக்கும்.

படத்தை நிறுத்தி, தெளிவை ‘ஃபுல்’லுக்கு மாற்றி, ஜூமை ‘ஃபிட்’டிலிருந்து 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘ஃபிட்’ என்றாலே சன்னலின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுவதுதான்; அதிலும் நுண்விவரம் மறையும். பிராக்ஸியை அணைத்து மூலக் கோப்பில் பாருங்கள். பிறகு எஃபெக்ட்டை அணைத்து, போட்டு, அணைத்து ஒப்பிடுங்கள். பிரீமியரில் எஃபெக்ட் பெயருக்கு அருகில் உள்ள எஃப்எக்ஸ் குறி, ரிசால்வின் கலர் பக்கத்தில் ஷிஃப்ட், டி (D) விசைகள் இரண்டும் சேர்த்து. கெடென்லைவில் திரையை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் காட்டும் வசதியே இருக்கிறது. அணைத்தால் வித்தியாசம் தெரியவில்லையா? கழற்றிவிடுங்கள். அணைத்த படமே நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதும் அடிக்கடி நடக்கும்.

8. கீஃபிரேம்

எஃபெக்ட் முழு அளவில் சரியானபின் மட்டும் இதைத் தொடுங்கள். ஸ்டாப்வாட்ச் குறியை இயக்கியபின் எண்ணை மாற்றினால் ஒவ்வொரு முறையும் புதுக் கீஃபிரேம் விழும். மாற்ற நினைத்தது மொத்த அளவை என்றால், ஏற்கெனவே உள்ள கீஃபிரேமின் மேல் பிளேஹெட் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

வெளிச்சம் பளிச்பளிச் என்று அடிக்கும் எஃபெக்ட்டில் ஒரு எல்லை உண்டு. இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல் நெறிகள், ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்கின்றன. ஒளித்துடிப்பால் வலிப்பு வரக்கூடியவர்கள் பார்வையாளர்களில் இருப்பார்கள். கீஃபிரேம்களை எண்ணிப் பாருங்கள்.

9. சோதனை எக்ஸ்போர்ட்

முழு வீடியோவையும் முதல் தடவையே எக்ஸ்போர்ட்டுக்கு விடாதீர்கள். எஃபெக்ட் அதிகமுள்ள பத்து நொடியை இன், அவுட் குறித்து, கடைசிக் கோப்புக்கு வைக்கப்போகும் அதே அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். பத்து நொடிக்கு 40 நொடி ஆனால் ஒரு நிமிடத்துக்கு நான்கு நிமிடம். எஃபெக்ட் உள்ள பகுதி மொத்தம் ஆறு நிமிடம் என்றால் 24 நிமிடம். ஒப்படைக்கும் நேரத்தை இதை வைத்துச் சொல்லுங்கள். நானாக இருந்தால் இரண்டு மடங்காகச் சொல்வேன், ஏனென்றால் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து முடிந்துவிடுவது அபூர்வம்.

வந்த கோப்பை எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, வேறொரு பிளேயரில், முடிந்தால் போனிலும் பாருங்கள். இரண்டு இடங்களைக் கவனியுங்கள். வினியெட் (ஓரங்களை இருட்டாக்கும் எஃபெக்ட்) போட்ட மூலைகள், வானம், வெறும் சுவர் போன்றவற்றில் நிறம் படிப்படியாக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரியலாம். 8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான் இருப்பதால் வரும் கோளாறு இது. 10 பிட்டில் 1024. 10 பிட்டில் கொடுக்க முடியாவிட்டால், மேலே மெல்லிய கிரெயின் சேர்த்தால் பட்டை மறையும். அடுத்தது மழை, புகை, துகள், கிரெயின் உள்ள காட்சிகள். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் மாறுவதால் பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குக் கோப்பில் ஒதுக்கும் தரவின் அளவு) போதாமல் கட்டம் கட்டமாக உடையும். யூடியூபின் பரிந்துரை, சாதாரண ஃபிரேம் ரேட்டில் முழு எச்டிக்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 4கேவுக்கு 35 முதல் 45 வரை. இத்தகைய காட்சிகளுக்கு நான் அதைவிடக் கூடுதலாகவே வைப்பேன். யூடியூபில் பதிவேற்றக் கூடுதல் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

எக்ஸ்போர்ட் பெட்டியில் பிராக்ஸியைப் பயன்படுத்து, பிரிவ்யூவைப் பயன்படுத்து என்று டிக் பெட்டிகள் இருக்கும். வேகமாக முடியும் என்று ஆசைப்பட்டு டிக் போட்டால் மங்கலான கோப்பு கையில் வரும். கடைசி எக்ஸ்போர்ட்டில் இரண்டும் காலியாக இருக்கட்டும்.

10. சேமிப்பதும் துப்புரவும்

நன்றாக அமைந்த எஃபெக்ட்டைப் பிரீசெட்டாகச் சேமியுங்கள். பெயரில் எஃபெக்ட்டின் பெயரோடு எந்த வகைக் காட்சிக்கு என்பதும் இருக்கட்டும். ‘புதிது 2’ என்று வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது. பிரீசெட் கோப்பை வெளியே எடுத்து ‘உரிமம்’ ஃபோல்டருக்குப் பக்கத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

கேஷ் கோப்புகள் சத்தமில்லாமல் வட்டை நிரப்பும். ரிசால்வில் பிளேபேக் மெனுவிலேயே ரெண்டர் கேஷை அழிக்கும் வழி உண்டு. பயன்படாததை மட்டும் அழிக்கவும் முடியும். பிரீமியரில் மீடியா கேஷுக்குத் தனி அமைப்புப் பக்கம் இருக்கிறது. இவற்றை அழித்தால் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, திரும்ப ரெண்டர் ஆக நேரம் பிடிக்கும், அவ்வளவே. ஆனால் வீடியோவை வாங்கியவர் பார்த்து, திருத்தம் ஏதும் இல்லை என்று சொல்லும் வரை அழிக்க வேண்டாம்.